ரைஃபிள் குழலுக்குள் பார்க்க விலை குறைந்த போர்ஸ்கோப்: அளவெடுப்பதில் இருந்து முதல் படம் வரை

போர்ஸ்கோப் வாங்கிய கையோடு என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் மூன்று குறைகளில் ஒன்றைச் சொல்வார்கள். உள்ளே போகவில்லை. போகிறது, ஆனால் எல்லாம் மங்கல். தெளிவாகத் தெரிகிறது, ஆனால் என் குழல் நாசமாகிவிட்டது போலிருக்கிறது. முதல் இரண்டும் வாங்கிய வரிசையில் நடந்த தப்பு. கேமராவை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, துப்பாக்கியை அப்புறம் அளந்திருப்பார்கள். மூன்றாவது, பார்க்கும் வரிசையில் நடந்த தப்பு. இந்த வழிகாட்டி அந்த இரண்டு வரிசைகளையும் பற்றியது.

விலை குறைந்தது என்று நான் சொல்வது, நுனியில் சின்ன டிஜிட்டல் கேமராவும் எல்இடி விளக்கும் பொருத்திய வகையை. நீளமான குழாய்க்குள் லென்ஸ்களை வரிசையாக அடுக்கிச் செய்த ஒளியியல் கருவிகள் பல மடங்கு விலை. சொந்தத் துப்பாக்கியின் நிலையைத் தெரிந்துகொள்ள அவ்வளவு தேவையில்லை.

1. வாங்குவதற்கு முன் துப்பாக்கியை அளந்து எழுதுங்கள்

இரண்டு எண்கள் வேண்டும். குழலின் உள்விட்டம் ஒன்று, நீளம் ஒன்று.

உள்விட்டத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். குழலுக்குள் சுழன்று போகும் புரியில் மேடும் பள்ளமும் மாறி மாறி வரும். தோட்டாவின் குண்டு ஏறக்குறைய பள்ளத்தின் விட்டத்தில் இருக்கும். ஆனால் கேமரா நுழைய வேண்டியது மேட்டுக்கும் எதிர் மேட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில். .308 காலிபர் (அங்குலக் கணக்கில் வழங்கும் குழல் அளவின் பெயர்) குழலில் பள்ளத்துக்குப் பள்ளம் 7.82 மி.மீ., மேட்டுக்கு மேடு 7.62 மி.மீ. தான். .223 குழலில் மேட்டு அளவு 5.56 மி.மீ. ரிம்ஃபயர் .22 குழல் சுமார் 5.5 மி.மீ. .243 என்றால் 6 மி.மீ. சொச்சம். உங்களிடம் இருப்பதிலேயே சின்னக் குழல் எதுவோ, அதன் மேட்டு அளவை எழுதிக்கொள்ளுங்கள்.

நீளத்தை அளக்கும்போது குழலை மட்டும் அளந்தால் போதாது. தோட்டாவைப் பின்னால் இருந்து அடைக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமாகத்தான் பார்க்கப் போகிறோம். ஆகவே போல்ட் ஓடும் உடல்பகுதியான ரிசீவரின் பின்முனையில் இருந்து குழல் வாய் வரை அளக்க வேண்டும். 24 அங்குலக் குழல் 61 செ.மீ. ரிசீவர் இன்னொரு 20 செ.மீ. அளவுக்கு வரும். ஆக மொத்தம் 81. சந்தையில் அதிகம் கிடைக்கும் கம்பி 26 அங்குலம், அதாவது 66 செ.மீ. மீதி 15 செ.மீ.யை வாய்ப்பக்கமாக நுழைத்துப் பார்த்துக்கொள்ளலாம், அதில் குற்றமில்லை. ஒரே வீச்சில் முழுக்கப் பார்க்க வேண்டும் என்றால் நீளமான கம்பி தேவை.

நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றும் லீவர் ஆக்‌ஷன் போலப் பின்பக்கமாக நேராகக் கம்பி நுழைக்க முடியாத துப்பாக்கிகளுக்கு வாய்ப்பக்கம் ஒன்றே வழி. அதற்கான எச்சரிக்கை கீழே வருகிறது.

2. தலையின் தடிமன்: விளம்பர எண்ணை அப்படியே நம்பாதீர்கள்

எஞ்சின், குழாய் அடைப்பு பார்க்க விற்கும் கேமராக்கள் பெரும்பாலும் 5.5, 7, 8 மி.மீ. தடிமனில் வரும். 5.5 மி.மீ. தலை 5.56 மி.மீ. குழலுக்குள் காகிதத்தில் போகும், கையில் போகாது. குழலில் மெல்லிய கரிப் படிவு இருந்தாலே சிக்கிக்கொள்ளும். சிக்கிய தலையை இழுத்தால் நுனியில் மாட்டிய கண்ணாடி கழன்று உள்ளேயே நின்றுவிடும்.

இன்னொன்று. விளம்பரத்தில் போடும் தடிமன் வெறும் கேமராத் தலையின் தடிமனாக இருக்கலாம். பக்கவாட்டில் பார்க்க உதவும் கண்ணாடிக் குழாயை மாட்டினால் அது கூடும். "கண்ணாடி மாட்டிய பிறகு மிகத் தடிமனான இடம் எத்தனை மி.மீ.?" என்று கேளுங்கள். அந்த எண் உங்கள் மேட்டு அளவைவிட குறைந்தது 0.4 மி.மீ. சின்னதாக இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு.

ரைஃபிளுக்கென்றே செய்யப்படும் விலை குறைந்த கம்பி வகை, உதாரணமாக டெஸ்லாங் பெயரில் வருவது, சுமார் 5 மி.மீ. தடிமன். .22 முதல் மேலே உள்ள எல்லாவற்றுக்கும் அது சரி. 4.5 மி.மீ. காற்றுத் துப்பாக்கிக்கும் .17 குழலுக்கும் அது நுழையவே நுழையாது. 3.9 மி.மீ. கேமராக்கள் கிடைக்கின்றன, ஆனால் கண்ணாடியோடு சேர்த்து அளவு கேட்காமல் அவற்றை வாங்க வேண்டாம்.

3. ஃபோகஸ் தூரம்: இதில் தவறினால் மற்றதெல்லாம் வீண்

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனித்து வாங்குவேன் என்றால் இதைக் கவனியுங்கள். சாதாரண எண்டோஸ்கோப் கேமரா சில செ.மீ. தள்ளி இருக்கும் பொருளைத் தெளிவாகக் காட்டும்படி அமைக்கப்பட்டது. விவரக் குறிப்பில் 2 முதல் 10 செ.மீ. என்பது போல எழுதியிருக்கும். குழலுக்குள் லென்ஸில் இருந்து கண்ணாடிக்கு சில மி.மீ., கண்ணாடியில் இருந்து சுவருக்கு இன்னும் சில மி.மீ. எல்லாம் சேர்த்து 1 செ.மீ.க்குள் முடிந்துவிடும். அந்தத் தூரத்தில் சாதாரணக் கேமரா வெறும் பழுப்பு மூட்டத்தைத்தான் காட்டும். பிக்சலை எத்தனை மடங்கு கூட்டினாலும் மூட்டம் மூட்டமாகவே இருக்கும்.

விவரக் குறிப்பில் "ரைஃபிள் குழல்" என்றோ, பக்கக் கண்ணாடியோடு எந்தக் காலிபரில் இருந்து எது வரை என்றோ எழுதியிருக்கிறதா பாருங்கள். சில மாடல்களில் கண்ணாடிக் குழாயை மரையில் சற்றே முன்னும் பின்னும் திருகி ஃபோகஸைச் சரிசெய்து, சின்ன நட்டால் இறுக்கலாம். அந்த வசதி உள்ளதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம், வீண் போகாது.

பெரிய குழலில் ஒரு சங்கடம் உண்டு. 7.62 மி.மீ. குழலுக்குள் 5 மி.மீ. கம்பி நடுவில் மிதக்காது, அடியில் படுத்துக்கிடக்கும். கீழே பார்க்கும்போது சுவர் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும், மேலே திருப்பினால் 2.6 மி.மீ. தள்ளிப் போகும். ஒரே இடத்தில் கம்பியைச் சுற்றினாலே படம் தெளிந்து, மங்கி, மறுபடி தெளியும். கேமரா கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். தலைக்குக் கொஞ்சம் பின்னால் கம்பியின்மேல் சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் உறையை ஒன்றிரண்டு அடுக்கு போட்டு, குழலைவிடச் சற்றுக் குறைந்த தடிமனுக்குக் கொண்டுவந்தால் தலை நடுவில் நிற்கும். ஒட்டும் டேப் சுற்றாதீர்கள், உள்ளே எண்ணெய் பட்டு உரிந்து வரும்.

4. வளையும் கேபிளா, விறைப்பான கம்பியா

விறைப்பான கம்பி. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

வளையும் கேபிளை உள்ளே தள்ளும்போது அது முறுக்கிக்கொள்ளும். கைப்பக்கம் கால் சுற்று திருப்பினால் நுனியில் கண்ணாடி திரும்பியிருக்கலாம், திரும்பாமலும் இருக்கலாம். நீங்கள் பார்ப்பது மேல் பள்ளமா கீழ்ப் பள்ளமா, தோட்டா அமரும் அறையான சேம்பரில் இருந்து எத்தனை செ.மீ. என்பது எதுவும் தெரியாது. அடுத்த மாதம் அதே இடத்தை மறுபடி பார்க்க முடியாது என்றால் இந்தக் கருவியின் பாதிப் பயன் போய்விட்டது. கம்பியில் அளவுக் கோடுகள் பொறித்திருந்தால் நல்லது, இல்லையென்றால் மார்க்கரால் 1 செ.மீ.க்கு ஒரு கோடு நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

5. பக்கக் கண்ணாடி கட்டாயம்

கண்ணாடி இல்லாத நேர்ப் பார்வையில் குழல் ஒரு சுரங்கப்பாதை போலத் தெரியும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சுவர் முழுக்கச் சாய்வாகத் தெரிவதால் கீறலும் குழியும் அகப்படாது. அடைப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் அது போதும். 45 டிகிரியில் வைத்த சின்னக் கண்ணாடிதான் சுவரை நேருக்கு நேர் காட்டும்.

கண்ணாடி மரையில் திருகி நிற்க வேண்டும், வெறுமனே செருகி நிற்கக் கூடாது. உதிரிக் கண்ணாடி தனியாகக் கிடைக்குமா என்றும் பாருங்கள். முதலில் தேய்வதும் உடைவதும் அதுதான்.

6. திரை: மூன்று வழி, அவரவர் வசதி

யூஎஸ்பி வகை விலை குறைவு, கை அசைந்த உடனே படமும் அசையும். மடிக்கணினியில் வெளிக்கேமரா போலவே செருகிப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனில் ஓடிஜி வசதியும் (வெளிக்கருவியை யூஎஸ்பி வழியாகச் செருகும் வசதி), யூஎஸ்பி கேமராவைக் காட்டும் செயலியும் வேண்டும். போனோடு வரும் சாதாரணக் கேமரா செயலி பெரும்பாலும் இதைக் கண்டுகொள்ளாது. ஐபோன் வைத்திருப்பவர்கள் யூஎஸ்பி வகையை வாங்கிவிட்டு ஏமாறுவது அடிக்கடி நடக்கிறது. ஐபோனில் வேலை செய்யும் என்று குறிப்பாக எழுதியிராவிட்டால், அவர்களுக்கு வைஃபை வகையோ தனித் திரையோதான் சரி.

வைஃபையில் படம் ஒரு கணம் பிந்தி வரும். ஏதோ தெரிந்ததே என்று நிறுத்துவதற்குள் கம்பி அதைத் தாண்டியிருக்கும். மெதுவாக நகர்த்தப் பழகினால் சமாளிக்கலாம். தனித் திரையோடு வருவது, லைமன் நிறுவனத்தின் போர்கேம் போன்றவை, மேசையும் கணினியும் இல்லாத இடத்தில் வசதி. அதில் படத்தைச் சேமிக்கும் வசதி உண்டா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பிக்சலைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். 1080 என்று எழுதிய பல கேமராக்களில் உண்மையான சென்சார் அதைவிடச் சின்னது, படத்தை மென்பொருள் பெரிதாக்கிக் கொடுக்கிறது. 1280×720 உண்மையாகவே இருந்தால் இந்த வேலைக்குத் தாராளம். அதற்குப் பதிலாக விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறதா பாருங்கள். பளபளக்கும் எஃகில் முழு வெளிச்சம் பட்டால் படத்தின் நடுவில் வெள்ளைத் திட்டு ஒன்றுதான் மிஞ்சும்.

7. வந்ததும் துப்பாக்கியில் நுழைக்காமல் சோதியுங்கள்

செய்தித்தாளில் சின்ன எழுத்து உள்ள துண்டு ஒன்றைக் கிழித்து, அச்சு உட்பக்கம் வரும்படி சுருட்டி, உங்கள் குழலின் விட்டத்துக்கு நெருக்கமான பேனாக் கூட்டில் செருகுங்கள். கேமராவை உள்ளே விட்டுப் பாருங்கள். படங்களை ஆக்கும் தனித்தனி மைப்புள்ளிகளும் எழுத்தின் ஓரமும் தெளிவாகத் தெரிந்தால் ஃபோகஸ் சரி. தெரியவில்லை என்றால் கண்ணாடியைக் கால் கால் சுற்றாகத் திருகிப் பாருங்கள். எதிலும் தெளியவில்லை என்றால், திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் திருப்பிவிடுங்கள்.

அந்த எழுத்துகள் இடவலம் மாறித் தெரிவதையும் கவனியுங்கள். ஒரே ஒரு கண்ணாடி வழியாகப் பார்ப்பதால் இப்படி. மென்பொருளில் திருப்பாமல் விட்டால், வலப்பக்கம் சுழலும் புரி இடப்பக்கம் சுழல்வதாகத் தோன்றும். குழலை மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று ஒருவர் என்னிடம் பதறிக்கொண்டு வந்தது இதனால்தான்.

இப்போதே ஒரு அளவுகோலின் மி.மீ. கோடுகளையும் கண்ணாடிக்கு அருகில் வைத்துப் படம் எடுத்து வையுங்கள். ஏன் என்பது 10ஆம் பகுதியில்.

8. குழலைத் தயார் செய்தல்

தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். மேகசினை எடுங்கள், போல்ட்டைக் கழற்றுங்கள், தோட்டாக்களை வேறு இடத்தில் வையுங்கள். பத்து நிமிடம் முன்புதான் பார்த்தேன் என்றாலும் மறுபடி பாருங்கள்.

இப்போதுதான் சுட்ட குழல் என்றால் ஆறட்டும். நுனியில் இருக்கும் பசையும் பிளாஸ்டிக்கும் சூட்டைத் தாங்காது.

சுத்தம் செய்வதற்கு முன் ஒருமுறை பார்க்கலாமா? பார்க்கலாம், படிவு எங்கே சேருகிறது என்று தெரிந்துகொள்ள. குழலின் நிலையை மதிப்பிட வேண்டும் என்றால் வழக்கம்போல் கரைப்பான் போட்டுத் துலக்கி, பேட்ச் துணி உலர்ந்து வெளியே வரும் வரை துடைக்க வேண்டும். ஈரம் மீதியிருந்தால் கண்ணாடியில் படலம் படியும், நல்ல குழலும் புகை மூடியது போலத் தெரியும். எண்ணெய்ப் படலம் ஒளியைத் திருப்பி அடிப்பதால் இல்லாத பள்ளங்களும் தெரியும். கடைசி பேட்ச்சுக்குப் பிறகு சில நிமிடம் விடுங்கள்.

துப்பாக்கியைத் தாங்கியில் கிடையாக அசையாமல் வையுங்கள். கிளீனிங் ராடுக்குப் பயன்படுத்தும் வழிகாட்டிக் குழாய் இருந்தால் அதைச் செருகி, அதன் வழியாகக் கம்பியை விடுங்கள்.

9. உள்ளே விடும் முறை

கண்ணாடி இறுகியிருக்கிறதா என்று விரலால் ஒருமுறை திருகிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும். கண்ணாடியை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்துவிட்டு உள்ளே விடுங்கள்.

சேம்பரைத் தாண்டிப் புரி தொடங்கும் இடத்தில், தொண்டையில், தலை லேசாக இடிக்கும். அங்கே தள்ளாதீர்கள். கொஞ்சம் பின்னால் இழுத்து, கம்பியை அரைச் சுற்றுச் சுற்றி, மறுபடி விடுங்கள், தானாக ஏறிக்கொள்ளும். வாய்ப்பக்கமாக நுழைப்பவர்கள் விரலை வாயின் ஓரத்தில் வைத்து, கம்பி விரலில் உரசிப் போகும்படி விடுங்கள். வாயின் விளிம்பான கிரவுனில் விழும் ஒரு கீறல், குழலின் நடுவில் விழும் பத்துக் கீறலைவிடக் கெடுதல். குண்டு வெளியேறும் கணத்தில் வாயு எல்லாப் பக்கமும் ஒரே சமயம் பிரிய வேண்டும், விளிம்பு சமமில்லாவிட்டால் குண்டு ஒரு பக்கம் தள்ளப்படும்.

தொண்டை வரை வந்ததும் கம்பியின் அளவுக் கோட்டைக் குறித்துக்கொள்ளுங்கள், அதுதான் உங்கள் பூஜ்யம். அங்கே ஒரு முழுச் சுற்று. 1 செ.மீ. முன்னால் தள்ளி மறுபடி முழுச் சுற்று. முதல் 10 செ.மீ.க்கு இப்படியே, அதற்கப்புறம் 5 செ.மீ.க்கு ஒருமுறை போதும். தேய்மானம் பெரும்பாலும் தொண்டையில்தான் தொடங்கும், சூடும் அழுத்தமும் அங்கேதான் உச்சம். கடைசி 5 செ.மீ.யில் மறுபடி நெருக்கமாகப் பாருங்கள்.

இன்னொரு முறையும் உண்டு. ஒரே பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு, அது சுழலும் போக்கிலேயே கம்பியையும் சுற்றிக்கொண்டு வாய் வரை போவது. 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 25.4 செ.மீ. போவதற்குள் கை ஒரு சுற்றுத் திரும்ப வேண்டும். கைப்பழக்கம் வந்தவர்களுக்கு இது பிடிக்கும், புதியவர்கள் பாதியில் பள்ளத்தைத் தவறவிடுவார்கள்.

10. பார்த்ததைப் புரிந்துகொள்வது

கீறலைக் கண்டு பயப்படுவதற்கு முன் கணக்குப் போடுங்கள். 7ஆம் பகுதியில் எடுத்த அளவுகோல் படம் இதற்குத்தான். படத்தின் அகலத்தில் 3 மி.மீ. அடங்குகிறது, அதை 15 செ.மீ. அகலத் திரையில் பார்க்கிறீர்கள் என்றால் பெருக்கம் 50 மடங்கு. 0.05 மி.மீ. கீறல் திரையில் 2.5 மி.மீ. வாய்க்காலாகத் தெரியும். .308 குழலின் பள்ளத்தின் முழு ஆழமே 0.1 மி.மீ. தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

மேட்டின் மேல் குறுக்கே ஓடும் மெல்லிய வளையக் கோடுகள் துளையைச் சீராக்கிய கருவியின் தடம். தொழிற்சாலைக் குழல்களில் சர்வசாதாரணம். அதில் குண்டின் மேலுறைச் செம்பு ஒட்டிக்கொள்ளும், சுத்தம் செய்ய நேரமாகும், அவ்வளவுதான். நீளவாக்கில் ஓடும் மெல்லிய கோடுகள் கையால் தேய்த்து மெருகேற்றியதன் அடையாளமாக இருக்கலாம்.

செம்புப் படிவு ஆரஞ்சு கலந்த நிறத்தில் கீற்றுக் கீற்றாகத் தெரியும். கரி மினுக்கம் இல்லாத கறுப்பு. தோட்டாக் கழுத்து முடியும் இடத்துக்குச் சற்று முன்னால் கறுப்பு வளையம் தெரிந்தால் அது கரி வளையம். பிரஷ்ஷும் பேட்ச்சும் சுத்தம் என்று சொன்னாலும் அது அங்கேயே இருக்கும், விட்டால் அழுத்தத்தைக் கூட்டும். நான் போர்ஸ்கோப்பைப் பெரும்பாலும் எடுப்பது இதைப் பார்க்கத்தான்.

தொண்டையில் வறண்ட ஏரிப் படுகை போல வெடிப்பு வெடிப்பாகத் தெரிந்தால், அது சூட்டினால் வந்த தேய்மானம். நிறையச் சுட்ட குழலில் இது இல்லாமல் இருக்காது. எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது, மேடுகளின் ஓரம் மழுங்கிவிட்டதா என்பதுதான் கேள்வி.

துருக்குழியும் கரிப் பொட்டும் ஒரே மாதிரி தெரியும். அந்த இடத்தின் செ.மீ.யைக் குறித்துக்கொண்டு, சுத்தம் செய்துவிட்டு மறுபடி அதே இடத்துக்குப் போங்கள். பொட்டு சுருங்கினால் கரி. ஓரம் கூர்மையாக அப்படியே நின்றால் குழி. பழைய துப்பாக்கி வாங்கும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் காசு கொடுக்க வேண்டாம். சுற்றிலும் நிழல் வளையம் ஒன்று தெரிந்தால் அங்கே குழல் உப்பியிருக்கலாம். அந்தத் துப்பாக்கியைச் சுடாமல் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு இந்தக் கட்டத்தில்தான் வரும். நன்றாகச் சுட்டுக்கொண்டிருக்கும் குழலில் நான்கு செம்புக் கீற்றைப் பார்த்துவிட்டு, அது மறையும் வரை நாள் கணக்கில் பிரஷ் போடுவார்கள். இலக்கில் குண்டுகள் முன்போலக் கூடி விழுகிறதா? விழுகிறது என்றால் அந்தக் கீற்றைப் படம் எடுத்து வைத்துவிட்டு விட்டுவிடுங்கள். சிதறத் தொடங்கிய குழலில்தான் படம் காரணம் சொல்லும்.

11. படத்தைச் சேமிக்கும் வரிசை

புதுக் குழலை முதல் குண்டு சுடுவதற்கு முன்பே படம் எடுங்கள். பின்னால் தெரியும் ஒரு கோடு பிறவிக் குறியா புதிதாக வந்ததா என்று சொல்ல வேறு வழி கிடையாது. கோப்பின் பெயரில் தேதி, சுட்ட எண்ணிக்கை, தொண்டையில் இருந்து எத்தனை செ.மீ., கடிகார முள்படி எந்தத் திசை என்று எழுதுங்கள்: "முள் 12" என்றால் மேல், "முள் 6" என்றால் கீழ். கம்பியின் கைப்பிடியில் கண்ணாடி பார்க்கும் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்துவிட்டால் திசை தானாகத் தெரியும். வெளிச்சத் திருகும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் இருக்கட்டும். வெளிச்சம் மாறினால் அதே குழி ஆழமாகவோ மேலோட்டமாகவோ தோன்றும்.

வேலை முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மரையில் ஒட்டிய கரிப்பொடியைத் தட்டிவிட்டு, கம்பியை வளையாத உறையில் படுக்க வையுங்கள். மூலையில் சாய்த்து வைத்தால் நாளடைவில் வளையும். வளைந்த கம்பி அடுத்த முறை உள்ளே போகும்போது தலையைச் சுவரில் உரசிக்கொண்டே போகும். குழலுக்கு எண்ணெய்ப் பேட்ச் ஒன்று விட்டு, போல்ட்டைப் போட்டுப் பூட்டி வையுங்கள். கரைப்பானால் துடைத்த எஃகில் காப்பு எதுவும் மிஞ்சியிருக்காது, ஈரக்காற்றில் ஓரிரு நாளிலேயே துருப் பிடிக்கத் தொடங்கலாம்.